கிரோன் நோயும் பிள்ளையின் பத்தியமும்



மாணவர்களின் உயரத்தையும் எடையையும் அளந்து ஏட்டில் குறித்து வைப்பது நம்மைப் போன்ற தோட்டப் பள்ளி ஆசிரியர்களின் வேலைகளுள் ஒன்று. பெரும்பாலும் அது சலிப்பான வேலை. பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வருவார்கள். குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் எண்ணைச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை அளந்தபோது, முந்திய ஆண்டின் எண்ணும் அந்த ஆண்டின் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. தவறாக அளந்துவிட்டோம் என்று எண்ணி மறுபடி நிறுத்தி அளந்தோம். அதே எண்தான். எடையோ இரண்டு கிலோ குறைந்திருந்தது.

அந்தப் பையனைப் பற்றி அதுவரை நமக்குத் தெரிந்ததெல்லாம், பாட வேளையில் அடிக்கடி கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பவன் என்பதுதான். கணக்குப் பாடத்துக்குப் பயந்து ஓடுகிறான் என்று நினைத்து இரண்டு மூன்று முறை கடிந்துகொண்டதும் உண்டு. அதைச் சொல்ல இப்போது நாணமாக இருக்கிறது. வீட்டில் விசாரித்தபோது, ஓராண்டுக்கு மேலாகவே வயிற்று வலி, பேதி, மாலையில் இலேசான காய்ச்சல் என்று தாயார் சொன்னார். ஒரு கிளினிக்கில் பூச்சி மருந்து கொடுத்திருந்தார்கள். பாட்டி தொக்கம் எடுக்க அழைத்துச் சென்றிருந்தார். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தினார்கள். பிறகு முட்டையை, பிறகு மீனை, பிறகு பருப்பை. கடைசியில் பையனுக்கு மிஞ்சியது கஞ்சியும் உப்பும்தான்.

பெரிய மருத்துவமனையில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்து, கிரோன் நோய் என்றார்கள். அதற்கு அவர்கள் சொன்ன மருத்துவம்தான் தாயாரைக் கலங்க வைத்தது. எட்டு வாரத்துக்குச் சோறு இல்லை, ரொட்டி இல்லை, பழங்கூட இல்லை. ஒரு பால் மாவைக் கரைத்து அதை மட்டுமே குடித்து வர வேண்டும். "மாத்திரை ஊசி குடுக்காம சோத்த நிறுத்தச் சொல்றாங்களே சார், ஏற்கெனவே எலும்பா இருக்கிற பிள்ள தாங்குமா?" என்று அவர் பள்ளி வாசலில் நின்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அன்று நம்மிடம் விடை இல்லை. பின்னர் படித்தும் மருத்துவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதை இன்றைய உரையில் சொல்ல விரும்புகிறோம். இந்தப் பத்தியம் ஒரே நாளில் யாரோ ஒருவர் நினைத்துச் சொன்னதன்று. இதற்குப் பின்னால் ஏறக்குறைய நூறாண்டு வரலாறு இருக்கிறது.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். 1913ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கென்னடி டால்ஸியல் என்ற அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். சில நோயாளிகளின் குடல் தடித்து இறுகி, விறைத்துப்போன விலாங்கு மீனைப் போல் இருந்ததாக அதில் அவர் குறிப்பிட்டார். பார்வைக்குக் காசநோய் பற்றிய குடலைப் போல இருந்தது; ஆனால் காசநோய்க் கிருமி அதில் அகப்படவில்லை. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. அந்தக் கட்டுரை பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

பின்னர் 1932ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லாருக்கும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரே வகையான அழற்சி. ஆங்கில அகர வரிசைப்படி பெயர்களை எழுதியதால் கிரோன் என்ற பெயர் முதலில் நின்றது. நோய்க்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கிரோன் நெடுங்காலம் வாழ்ந்து 1983இல் தம் 99ஆம் வயதில் காலமானார். மற்ற இருவரின் பெயரை இன்று மருத்துவ மாணவர்கள்கூட மறந்துவிடுகிறார்கள்.

இந்த நோயில் குடலின் சுவர் முழு கனத்துக்கும் வெந்து புண்ணாகிறது. நீண்ட ரப்பர் குழாய் ஒன்று அங்கங்கே வீங்கித் தடித்து உட்புறம் குறுகிப்போனதாக எண்ணிப் பாருங்கள். புண்ணான இடத்துக்கு அடுத்து நல்ல இடம் இருக்கும். அதற்கு அப்பால் மீண்டும் புண் இருக்கும். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். ஆயினும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடமே அதற்கு மிகவும் பிடித்த இடம். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று. தாய் சமைத்த சமையலாலும் வருவதன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலில் வாழும் நுண்ணுயிர்களோடு ஓயாமல் சண்டையிட்டுக் குடலைப் புண்ணாக்குகிறது என்று அறிஞர்கள் கருதுகின்றனர். பிறவிக் கூறும் வாழும் சூழ்நிலையும் சேர்ந்தே அதைத் தூண்டுகின்றன.

1932இல் சொல்லப்பட்ட அந்த 14 பேரில் மிக இளையவருக்கு வயது 17. ஆகவே தொடக்கத்தில் இதனை வாலிபர் நோய் என்றே நினைத்தார்கள். சிறுவர்களிடம் கண்டறியத் தொடங்கிய பிறகுதான் நோயின் இன்னொரு கொடுமை வெளிப்பட்டது. பெரியவருக்கு நோய் வந்தால் மெலிவார், குணமானால் தேறுவார். பிள்ளைக்கு வந்தாலோ வளர்ச்சியே நின்றுவிடும். சாப்பிட்டால் வலிக்கிறது என்பதால் பிள்ளை தானாகவே உணவைக் குறைத்துக்கொள்கிறது. உண்டதும் சரியாகச் சேர்வதில்லை. இவை போதாவென்று, அழற்சியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொருள்களே எலும்பு வளர்ச்சியைத் தடுக்கின்றன. பூப்பெய்தும் பருவமும் தள்ளிப்போகிறது. எலும்பு வளர்வதற்குரிய காலம் முடிந்துவிட்டால், இழந்த உயரம் பிறகு திரும்ப வராது. அதனால்தான் பிள்ளைகளின் மருத்துவத்தில் காலம் அவ்வளவு முக்கியம்.

பழைய மருத்துவம் என்ன செய்தது? ஓய்வு கொடுத்தது, சக்கையில்லாத மென் உணவு கொடுத்தது, முடியாதபோது கத்தியை எடுத்தது. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரே பதவியில் இருந்தபோது, 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இந்த நோய்க்காகக் குடல் அறுவை செய்துகொண்டார். ஆனால் வெட்டி எடுத்த பிறகும் நோய் வேறோர் இடத்தில் தலைகாட்டும். வளரும் பிள்ளையின் குடலை எத்தனை முறை வெட்டுவது?

1950களில் ஸ்டீராய்டு மருந்துகள் வந்தன. மூட்டு வாதத்தில் முடங்கிக் கிடந்தவர்களை எழுந்து நடக்கவைத்த மருந்து அது. குடல் அழற்சியையும் சில வாரங்களில் அடக்கியது. மருத்துவர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அதை நீண்ட நாள் கொடுத்தபோது முகம் உருண்டு வீங்கியது, எலும்பு பலமிழந்தது, வளர்ச்சியும் தடைப்பட்டது. எந்த வளர்ச்சியை நோய் பறித்ததோ அதையே மருந்தும் பறித்தது. இந்தச் சிக்கலிலிருந்து வழி தேடியபோதுதான் மருத்துவர்களின் பார்வை உணவின் பக்கம் திரும்பியது.

இங்கே சற்று நின்று, வேறொரு குடல் நோயின் கதையைச் சொல்லியாக வேண்டும். அதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். அதிலும் பிள்ளைகள் பேதியாகி மெலிந்து, வயிறு மட்டும் உப்பி நிற்பார்கள். 1888ஆம் ஆண்டில் லண்டன் செயின்ட் பார்த்தலமியூ மருத்துவமனையின் சாமுவேல் கீ என்ற மருத்துவர், இந்த நோய் குணமாகுமானால் உணவாலேயே குணமாகும் என்று எழுதினார். நாள்தோறும் சிப்பிச் சதை தின்று தேறிய ஒரு பிள்ளையைப் பற்றியும் அவர் சொல்கிறார். சிப்பி கிடைக்கும் காலம் முடிந்ததும் நோய் திரும்பியது. அடுத்த ஆண்டு சிப்பிக் காலம் வந்தது. பிள்ளை வாயைத் திறக்க மறுத்துவிட்டது! பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது புரியும்.

1924இல் நியூயார்க்கைச் சேர்ந்த சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் இதே நோய்க்கு வாழைப்பழப் பத்தியத்தை எடுத்துரைத்தார். ரொட்டி, தானியம், கிழங்கு ஆகியவற்றை நீக்கி, வாழைப்பழத்தை நிறையக் கொடுத்தார். பிள்ளைகள் பிழைத்தார்கள். வாழைப்பழத்துக்கே அந்தப் புகழ் போயிற்று. உண்மைக் காரணத்தை நெதர்லாந்து நாட்டின் வில்லம் டிக்கே என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய அவருக்கு, 1930களிலேயே ரொட்டியின் மீது ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் கொடும் பஞ்சம் வந்தது. மக்கள் டூலிப் பூவின் கிழங்கைத் தின்றார்கள். ஏறக்குறைய 20,000 பேர் மாண்டார்கள். ஊரே வாடிய அந்தக் காலத்தில், ரொட்டி கிடைக்காததால், இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் முன்னைவிட நன்றாக இருந்தார்கள்! மீண்டும் ரொட்டி வந்தபோது நோயும் வந்தது. டிக்கே 1950இல் தம் ஆய்வை வெளியிட்டார். கோதுமையில் உள்ள குளுட்டன் என்ற புரதமே குற்றவாளி என்பது அதன்பின் உறுதியாயிற்று. வாழைப்பழம் நிரபராதி, ஆனால் வைத்தியனும் அல்ல.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், ஒரு பிள்ளையின் குடல் நோயை உணவை மாற்றியே வெல்ல முடியும் என்ற நம்பிக்கையை மருத்துவ உலகத்துக்குக் கொடுத்தது இந்தக் கதைதான். அதே வேளையில் இது ஒரு தவறான ஆசையையும் கிளப்பிவிட்டது. எல்லாக் குடல் நோய்க்கும் இப்படியொரு குற்றவாளி உணவு இருக்கும், அதை மட்டும் விலக்கினால் போதும் என்று பலர் நம்பினார்கள். கிரோன் நோயில் அப்படி ஒற்றைக் குற்றவாளி அகப்படவில்லை. கோதுமையை விலக்கியதால் அது தீரவில்லை. பாலை விலக்கியதாலும் தீரவில்லை. நம் மாணவனின் வீட்டில் ஒவ்வோர் உணவாக விலக்கிக்கொண்டே போனார்களே, அதன் முடிவு பட்டினிதான்.

கிரோன் நோய்க்கான உணவு வேறு வழியாக வந்தது. உணவை விலக்கியவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை; உணவை ஊட்ட முயன்றவர்களே கண்டுபிடித்தார்கள்.

1960களில் அமெரிக்காவில் இரண்டு வேலைகள் நடந்தன. பிலடெல்பியா நகரில் ஸ்டான்லி டட்ரிக் என்ற அறுவை மருத்துவர் வாய் வழியாக எதையும் கொடுக்காமல், உணவு முழுவதையும் இரத்தக் குழாய் வழியாகவே செலுத்தி நாய்க்குட்டிகளை வளர்த்துக் காட்டினார். 1968இல் அதை வெளியிட்டார். குடல் வேலை செய்யாத குழந்தையையும் அந்த முறையால் வளர்க்க முடிந்தது. இன்னொரு பக்கம், விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு மலம் குறைவாக உண்டாகும் உணவு வேண்டும் என்று ஆராய்ந்தார்கள். சோறும் பருப்பும் எண்ணெயும் நம் வயிற்றில் செரித்து எந்த நிலைக்கு வருமோ, அந்த நிலையிலேயே சத்துகளை ஆலையில் கலந்து ஒரு பானமாக்கினார்கள். புரதத்துக்குப் பதில் அமினோ அமிலம், மாவுக்குப் பதில் சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு, உயிர்ச்சத்து, உப்பு. அதற்கு மூலக்கூற்று உணவு என்று சொல்லலாம். கரண்டியில் வைத்தால் அதன் நாற்றமும் கசப்பும் வாயருகே கொண்டுபோக விடாது என்கிறார்கள், அருந்தியவர்கள்.

மருத்துவர்கள் இந்தப் பானத்தை அறுவைக்கு முன்னும் பின்னும் மெலிந்த நோயாளிகளைத் தேற்றப் பயன்படுத்தினார்கள். கிரோன் நோயாளிகளுக்கும் கொடுத்தார்கள். நோக்கம் உடம்பைத் தேற்றுவது மட்டுமே. ஆனால் சில வாரங்களில் வலி நின்றது, பேதி நின்றது, காய்ச்சல் இறங்கியது. அறுவைக்கு ஆயத்தமாகக் கொடுத்த உணவே நோயையும் தணிக்கிறதோ என்ற கேள்வி எழுந்தது. 1973இல் கனடா நாட்டு அறுவை மருத்துவர்கள் இதைக் குடல் அழற்சிக்கு ஒரு சிகிச்சையாகவே எழுதினார்கள். 1980இல் அதே நாட்டின் மொன்றியல் நகரில், கிரோன் நோயால் வளர்ச்சி நின்றுபோன சில பிள்ளைகளுக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு ஆறு வாரம் இந்த உணவை ஊட்டினார்கள். பிள்ளைகள் எடை கூடினார்கள். உயரமும் வளரத் தொடங்கினார்கள்.

தேறினார்கள் என்று சொன்னால் மட்டும் மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளாது. ஸ்டீராய்டோடு போட்டி வைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? அதை 1984இல் லண்டனை அடுத்த ஹாரோவில் உள்ள நார்த்விக் பார்க் மருத்துவமனையில் செய்தார்கள். நோய் முற்றியிருந்த 21 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டும் மறு பிரிவுக்கு இந்தப் பானமும் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். 1987இல் செயின்ட் பார்த்தலமியூ மருத்துவமனையில் ஜான் வாக்கர் ஸ்மித்தின் குழுவினர் இதே போட்டியைப் பிள்ளைகளிடம் வைத்துப் பார்த்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் சாமுவேல் கீ பணியாற்றிய அதே மருத்துவமனைதான். 17 பிள்ளைகள், ஆறு வாரம். நோயை அடக்குவதில் உணவு மருந்துக்கு ஈடாக நின்றது. வளர்ச்சியிலோ உணவு பெற்ற பிள்ளைகளே முந்தினார்கள்.

நம் மாணவனின் தாயார் கேட்ட கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. சோற்றை நிறுத்தச் சொன்னார்களே தவிர, உணவை நிறுத்தச் சொல்லவில்லை. நம் ஊரில் பத்தியம் என்றால் குறைப்பது, விலக்குவது, வாயைக் கட்டுவது. இந்தப் பத்தியத்தின் கணக்கு நேர்மாறானது. பிள்ளையின் வயதுக்கும் எடைக்கும் எவ்வளவு சத்து வேண்டுமோ அதற்குக் குறையாமல், சில வேளை அதற்கு மேலும், உள்ளே போயாக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் குடிக்க வேண்டியிருக்கும். கஞ்சித் தண்ணீரில் உள்ளது போல் அன்று. ஒவ்வொரு குவளையிலும் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, இரும்பு, சுண்ணாம்பு எல்லாம் அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன.

குழாயும் கசப்பும் பிள்ளைகளுக்கு எளிதல்ல. இரவில் குழாயைத் தாங்களே மூக்கில் செலுத்திக்கொண்டு, விடிந்ததும் எடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போகப் பழகிய பிள்ளைகளும் உண்டு. நல்ல வேளையாக, புரதத்தை அமினோ அமிலமாக உடைக்கத்தான் வேண்டுமா என்று பிறகு கேட்டுப் பார்த்தார்கள். உடைக்காத பால் புரதத்தில் செய்த பானமும் அதே பயனைத் தந்தது. அது வாய்க்குச் சுவையாக இருந்ததால் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குழாயே தேவைப்படவில்லை. 2006ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மருத்துவர்கள் 37 பிள்ளைகளிடம் பத்து வாரம் சோதித்தார்கள். குழாய் விட்டுக் குடலை நேரில் பார்த்தபோது, பானம் குடித்தவர்களில் 100க்கு 74 பேருக்குப் புண் ஆறியிருந்தது. ஸ்டீராய்டு உண்டவர்களில் 100க்கு 33 பேருக்குத்தான் ஆறியிருந்தது. இருவகைப் பிள்ளைகளும் வெளியே தேறியவர்களாகவே தெரிந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது.

அதே 2006இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இன்னொரு கேள்வியைக் கேட்டார்கள். பாதி பானம், பாதி வீட்டுச் சாப்பாடு என்றால் ஆகாதா? எந்தத் தாயும் கேட்கக்கூடிய கேள்விதான். 50 பிள்ளைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பானம் மட்டுமே குடித்தவர்களில் 100க்கு 42 பேர் குணமடைந்தார்கள். பாதி பாதியாக எடுத்தவர்களில் 15 பேர் மட்டுமே. ஆகவே "ஒரு கை சோறு தின்னா என்ன ஆகிடும்" என்ற இரக்கம் இங்கே பிள்ளைக்கு உதவவில்லை. ஏன் அப்படி என்பதற்கு அறிஞர்களிடையே ஒருமித்த விடை இல்லை. பானம் எதைச் சேர்க்கிறது என்பதைவிட, அன்றாட உணவில் உள்ள எதை நீக்குகிறது என்பதே முக்கியம் என்று ஒரு சாரார் கருதுகிறார்கள். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் சில நாள்களிலேயே மாறிவிடுவதையும் கண்டிருக்கிறார்கள்.

2014இல் ஐரோப்பாவின் இரண்டு மருத்துவச் சங்கங்கள் கூடி, பிள்ளைகளின் கிரோன் நோயைத் தணிக்க முதலில் கொடுக்க வேண்டியது இந்தப் பானமே என்று நெறிமுறை வகுத்தன. ஆறு முதல் எட்டு வாரம் வரை இதைக் கடைப்பிடிக்கிறார்கள். ஜப்பானில் பெரியவர்களும் இதை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். அமெரிக்க மருத்துவர்கள் மட்டும் நீண்ட காலம் இதில் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. மாத்திரை எழுதிக் கொடுப்பது எளிது, பிள்ளையை எட்டு வாரம் சோறில்லாமல் வைத்திருப்பது கடினம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது நம் எண்ணம். 2019இல் இஸ்ரேல் நாட்டின் ஆரி லெவின் தலைமையில், பாதிப் பானத்தோடு தேர்ந்தெடுத்த சில வீட்டு உணவுகளையும் சேர்த்து ஒரு புதிய பத்தியத்தைச் சோதித்து, அதுவும் பயன் தருவதைக் காட்டினார்கள். அதில் கோழி, முட்டை, சோறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் முதலியவை உண்டு. ஆலையில் பதப்படுத்திய உணவுகள் இல்லை. பர்மிங்காமில் தோற்ற பாதிப் பானம் இங்கே வென்றதற்கு, மீதிப் பாதியைக் கட்டுப்படுத்தியதே காரணம். பிள்ளைகளுக்கு இது கடைப்பிடிக்க எளிதாகவும் இருந்தது.

இந்தப் பானம் நோயை வேரோடு பிடுங்குவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நோய் அடங்குகிறது, மீண்டும் எழலாம். அதனால் மருத்துவர்கள் தொடர்ந்து உட்கொள்ள மாத்திரையோ ஊசியோ கொடுப்பார்கள். "பால் குடிச்சு சரியாப் போச்சு" என்று மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு. குடலில் அடைப்போ சீழோ உள்ள பிள்ளைக்கு வேறு மருத்துவம் தேவைப்படும். பெருங்குடலை மட்டும் தாக்கும் இன்னொரு அழற்சி நோய் உண்டு. அதற்கு இந்தப் பத்தியம் பயன்படுவதில்லை. கடையில் விற்கும் சத்து மாவை வாங்கி வீட்டிலேயே தொடங்கவும் கூடாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று உணவு போனால் இரத்தத்தின் உப்புகள் தாறுமாறாகி ஆபத்து நேரும். ஆகவே முதல் நாள்களில் மருத்துவர் கவனித்துக்கொண்டே அளவைக் கூட்டுவார்.

வெள்ளைக்கார நாட்டு நோய் நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் நாட்டிலேயே, ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் 2011 முதல் 2013 வரை ஓர் ஆய்வு நடந்தது. கிரோன் நோய் உள்ளிட்ட குடல் அழற்சி நோய்கள் இங்கே அரியவைதான். அந்த ஆய்வின்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே அவை புதிதாக வந்தன. ஆனால் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரில் இந்தியருக்கே அது அதிகமாக வந்திருந்தது. சிங்கப்பூரிலும் இந்தியரிடையே இந்நோய்கள் கூடுதலாகக் காணப்பட்டன. ஆகவே இது நம் வீட்டு வாசலுக்கும் வரக்கூடிய நோய்தான்.

இன்னொன்றும் உண்டு. குடலில் வரும் காசநோயும் இதே இடத்தில், இதே அடையாளங்களோடு வருகிறது. 1913இல் டால்ஸியலைக் குழப்பிய அந்த ஒற்றுமை, காசநோய் ஒழியாத நாடுகளில் இன்றும் மருத்துவர்களைக் குழப்புகிறது. காசநோயைக் கிரோன் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் பரவிவிடும். அதனால்தான் சதைத் துணுக்கு எடுக்கிறார்கள், சளியைச் சோதிக்கிறார்கள், ஒரு முடிவு சொல்ல வாரக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். "எத்தனை டெஸ்ட்தான் எடுப்பாங்க" என்று சலித்துக்கொண்டு பாதியில் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வருபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மாதக்கணக்கில் பேதி, இரவில் எழுப்பும் வயிற்று வலி, மலத்தில் இரத்தம், ஆசனவாயில் வெடிப்பு அல்லது சீழ், காரணமில்லாத காய்ச்சல், எல்லாவற்றுக்கும் மேலாக உயரம் கூடாமை ஆகியவற்றைக் கண்டால், பிள்ளையின் பள்ளி அளவுக் குறிப்பையும் கையோடு எடுத்துச் செல்லலாம். அந்த எண்கள் மருத்துவருக்கு உதவும்.

நம் மாணவனுக்கு வருவோம். பால் மாவு டின்கள் மலிவானவை அல்ல. மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் விண்ணப்பித்து உதவி பெற்றார்கள். தாயார் விடியற்காலையில் வேலைக்குப் புறப்படுமுன் நாள் முழுவதற்கும் உரிய மாவைத் தனித்தனிப் புட்டியில் அளந்து வைப்பார். பள்ளியில் அதைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்துக் கொடுப்பது நம் பொறுப்பாயிற்று. முதல் வாரம் அழுதான். இரண்டாம் வாரம் வலி குறைந்தது. இடையில் கோயில் திருவிழா வந்தது. அன்னதானப் பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, அவன் புட்டியோடு தூணருகே நின்றிருந்தான். அவன் பாட்டி பொறுக்க மாட்டாமல் ஒரு பிடிச் சோறு கொண்டுவந்தார். "வேணாம் பாட்டி, இன்னும் மூணு வாரம்தான்" என்றான்.

எட்டு வாரம் முடிந்தபோது நான்கு கிலோ கூடியிருந்தான். அடுத்த ஆண்டு அளந்தபோது ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான். இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு ஒருமுறை நோய் திரும்பியது. மருத்துவர் ஊசி மருந்தும் தொடங்கினார்கள். அந்த முறை பால் மாவு வேண்டும் என்று அவனே மருத்துவரிடம் கேட்டதாகத் தாயார் சொன்னார். இப்போது எப்போதாவது தோட்டத்துக் கடையருகே பார்க்கிறோம். நம் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான்.